அங்கயெல்லாம் இப்பிடி இல்ல

நம் ஊர்களில் அங்ககாரர் என்றொரு இனம் உண்டு. கல்முனையில் பஸ் ஏறி அக்கரைப்பற்றில் இறங்குவதற்குள் நாலு பேரையாவது சந்தித்துவிடலாம். அடையாளம் பிடிப்பதும் லேசு. ரோட்டை, ரொட்டியை, கரண்ட்டை, கத்தரிக்காயை, எதை வேண்டுமென்றாலும் அவர் முன்னால் வைத்துப் பாருங்கள். அதை அவர் பார்க்கவே மாட்டார். கடல் தாண்டி எங்கேயோ பார்ப்பார். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு, “அங்கயெல்லாம் இப்பிடி இல்ல.”

அங்க என்றால் எங்கே? சிலருக்குச் சவூதி, சிலருக்கு லண்டன். சாய்ந்தமருது மர்சூக் ஹாஜியாருக்குக் கட்டார். பதினெட்டு வருசம் அங்கே இருந்துவிட்டுப் போன வருசம் ஒரேயடியாக ஊருக்கு வந்திறங்கியவர். மீன் சந்தையில் உயிரோடு துள்ளும் பாரையைக் காட்டினால், அங்கே மீனெல்லாம் ஐஸ் பெட்டிக்குள் ஒழுங்காகப் படுத்துக் கிடக்கும் என்பார். மாரி மழைக்கு ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நின்றால், அங்கே மழையே பெய்யாது என்பார், அதுவும் அந்த அரசாங்கம் செய்து வைத்த ஏற்பாடு போல. காரியாலயத்தில் வரிசையில் நின்றால், அங்கே வரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று பின்னால் நிற்பவனுக்கு விளங்கப்படுத்துவார். பின்னால் நிற்பவன் பாவம், அவன் வந்தது பிறப்புச் சான்றிதழ் எடுக்க.

இன்னொரு பழக்கமும் உண்டு. நாலு அறையும் இரண்டு குளியலறையும் உள்ள சொந்த வீட்டில், குளிக்கிற சவர்க்காரத்தைப் பெட்டியில் போட்டு மூடி, தலையணைக்குக் கீழே வைத்துத்தான் படுப்பார். மனைவி றாபியா கேட்டால், “சுத்தம் புள்ள, அங்கத்தப் பழக்கம்” என்பார்.

ஊருக்கு இதெல்லாம் பழகிவிட்டது. தேத்தண்ணிக் கடையில் அவர் வாயைத் திறந்தால் ஒருவன் எழும்பிப் போவான், மற்றவன் அடிக்காத போனைக் காதில் வைப்பான். ஓடித் தப்ப வழியிருக்கும் வரைக்கும் அங்ககாரரால் யாருக்கும் சேதமில்லை. ஆனால் நம் பக்கத்து வழக்கம் என்ன? கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். மகள் பஹ்மிதாவுக்கென்று கட்டார்க் காசில் கட்டிய அந்த வீட்டுக்கு, நாலு மாதத்துக்கு முன் ஸப்ரி வந்து சேர்ந்தான். விஞ்ஞானம் படிப்பிக்கும் வாத்தியார், வாய் திறக்காத பிள்ளை. மாமனார் கதைக்கும்போது புது மாப்பிள்ளை எழும்பிப் போகலாமா? காலையில் புட்டோடு கட்டார், பகலில் சோற்றோடு கட்டார், பின்னேரம் தேத்தண்ணியோடு மிச்சக் கட்டார். ஸப்ரி எல்லாவற்றையும் கேட்டான். கேட்டது போதாதென்று நம்பியும் தொலைத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சோறு தின்னும்போது சொன்னான்.

“மாமா, எனக்கும் கட்டார் விசா சரி. ஸ்டோர் ஒண்டுல வேல. ஸ்கூல் வேலைய உடுறதுக்குக் கடிதமும் எழுதிட்டன், திங்கக்கிழம குடுக்கப் போறன். உங்கள மாதிரி ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவுல வருவன் தானே.”

பஹ்மிதாவுக்கு வயிற்றில் மூன்று மாதம். அவள் புருசனைப் பார்க்கவில்லை, வாப்பாவைத்தான் பார்த்தாள்.

“நான் நடக்கப் பழகினத நீங்க போட்டோவுலதான் கண்டீங்க வாப்பா. என்ட புள்ளையும் அதுட வாப்பாவ போன்லயா காணணும்?”

ஹாஜியார் கையிலெடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார். ஒரு வயதில் அவர் விட்டுவிட்டுப் போன மகள். எத்தனை கட்டிடத்தின் உயரம் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்! மகள் எந்த வயதில் எவ்வளவு உயரம் என்று கேட்டால் தெரியாது.

“மனே,” என்றார் மெதுவாக, “அங்க ரூமுக்குப் பன்னெண்டு பேர். கட்டிலுக்கு மேல கட்டில். எனக்கு மேல்கட்டில். நிமிந்து இருக்க ஏலா, தல சீலிங்ல அடிக்கும்.”

“அப்ப அந்தக் கட்டிடங்கள், கடற்கர, பெரிய கடைகள்?”

“அதெல்லாம் கம்பனி பஸ் ஜன்னலால பார்த்ததுதான்.”

ஸப்ரி சிரித்தான். “மகள உட்டுட்டு நான் போகக்கூடாதெண்டு பொய் சொல்றீங்க. விளங்குது மாமா.”

பார்த்தீர்களா அநியாயத்தை? இத்தனை காலத்துப் புளுகையும் நம்பிய பிள்ளை, சொன்ன ஒரேயொரு உண்மையை நம்பமாட்டேன் என்கிறான். சாட்சிக்குப் போனைத் திறந்தால், எல்லாப் படத்திலும் ஹாஜியார் யாருடையதோ காரில் சாய்ந்து நிற்கிறார். மேல்கட்டிலைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்ப எந்த மனுசனுக்குத்தான் மனம் வரும்?

றாபியா எழும்பி அறைக்குள் போனாள். திரும்பி வந்து சவர்க்காரப் பெட்டியை மீன்குழம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடியில் பெயின்ற்றால் எழுதியிருந்தது: மர்சூக், கட்டில் 9.

“அத்தின பேருக்கும் ஒரு குளிக்கிற அற மனே. மறந்து வச்சிட்டு வந்தா மறுகா சவுக்காரம் இரிக்காது. சுத்தமாம் சுத்தம்! தூக்கத்துல ‘ஆர்டா என்ட சவுக்காரத்த எடுத்த’ எண்டு கத்துறது ஆரு? எனக்குத் தெரியாதெண்டு நினச்சிட்டு இரிக்காரு.”

ஹாஜியார் தலை குனிந்தார். “ஓம் மனே. அதுதான்.”

ஸப்ரி அந்த மூடியை எடுத்து எழுத்தை விரலால் தடவிப் பார்த்தான். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனான். கடிதம் போகவில்லை.

ஹாஜியார் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? செவ்வாய்க்கிழமையே சந்தையில் ஒரு சூரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். “அங்கயெல்லாம்...” பக்கத்தில் நின்ற மருமகன் பணிவாகக் கேட்டான்: “எத்தினயாம் கட்டில் மாமா?” ஹாஜியார் மீனை வெட்டக் கொடுத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்த இனத்தில் சேர விமானம் ஏற வேண்டியதில்லை, கொழும்பில் மூன்று மாதப் பயிற்சி வகுப்பே போதும். போன கிழமை சம்மாந்துறைக் கலியாண வீட்டில், பிரியாணியைப் பிசைந்துகொண்டே ஒரு பெருமூச்சு விட்டது நீங்கள்தானா? பதில் எனக்கு வேண்டாம். இன்றைக்குப் படுக்கும்போது தலையணைக்குக் கீழே ஒருதரம் கையை விட்டுப் பாருங்கள்.