கடைசித்தாள் வாத்தியார்

புஸ்தகத்தைக் கிழித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கடைசித்தாள் வாத்தியார். இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது பத்திரிகைக்கு எழுதிப் போட்டால், ஆளை நேரில் கூட்டி வந்தாலும் நான் நம்பப் போவதில்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரண்டு வருஷம் முந்திய சமாச்சாரம் இது. ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். வெயிலோ மழையோ, கறுப்புக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டுதான் வருவார். அந்தக் கோட்டைத் துவைத்து யாரும் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தின் லைப்ரரி என்பது ஒரு தகரப் பெட்டி. சேலத்திலிருந்து ஜில்லா போர்டு ஆபீஸ் அனுப்பி வைத்தது. உள்ளே நாற்பது கதைப் புஸ்தகங்கள். வாரத்துக்கு ஒன்று எடுத்துப் போய்ப் படித்துவிட்டு, திங்கட்கிழமை கதையைச் சொல்ல வேண்டும் என்பது வாத்தியார் போட்ட சட்டம். நாங்கள் அதற்கு ஒரே வாரத்தில் வழி கண்டுபிடித்துவிட்டோம். கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பது. திங்கட்கிழமை எழுந்து நின்று, "ராஜாவும் ராணியும் சௌக்கியமா இருந்தாங்க சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது. வகுப்பு முழுவதும் வரிசையாக எழுந்து சௌக்கியமாக இருந்தது. தையற்காரன் கதையை எடுத்துப் போனவனும் ராஜாவும் ராணியும் சௌக்கியம் என்று சொன்னபோதுதான் வாத்தியாருக்கு விஷயம் புரிந்தது.

அவர் யாரையும் அடிக்கவில்லை. மறுநாள் வந்து பார்த்தால் நாற்பது புஸ்தகத்திலும் கடைசித் தாள் இல்லை. சவரக் கத்தியால் நறுவிசாக அறுத்து எடுத்து, அத்தனையையும் மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்துவிட்டார். புதிய சட்டம் இதுதான்: புஸ்தகத்தை முழுக்கப் படிக்க வேண்டும். இனி என்ன நடக்கும் என்று நீயே ஒரு முடிவு சொல்ல வேண்டும். சொன்னால் கோட்டுப் பையிலிருந்து அந்தத் தாள் வெளியே வரும். அவர் எதிரிலேயே நின்று படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குப் பைத்தியம். தாள் கோட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்தபிறகு யாருக்குத்தான் சும்மா இருக்க முடியும்? ஆடு மேய்க்கப் போகிற பிள்ளைகள் புஸ்தகத்தோடு போனார்கள். ஆடு அடுத்தவன் சோளத்தில் இறங்கியது. தறிக்குப் பாவு ஓடிக்கொண்டே படித்த பெண் ஒருத்தி இழையைத் தப்பாக விட்டு, அரை நாள் வேலையைக் கெடுத்தாள். நல்லான் என்று ஒரு பையன், எந்தக் கதைக்கும் புலி வந்து எல்லாரையும் தின்றுவிட்டது என்றுதான் முடிவு சொல்வான். தையற்காரன் கதையிலும் புலி வந்தது. வாத்தியார் கொஞ்சமும் சிரிக்காமல், புலி ஊசியை என்ன செய்தது என்று கேட்பார். நல்லான் யோசித்துவிட்டு அதற்கும் பதில் வைத்திருப்பான். சில சமயம் நாங்கள் சொன்ன முடிவு அவருக்குப் பிடித்துப்போனால், கோட்டைத் தட்டிக்கொண்டு, "அச்சுப் போட்டவனுக்கு இது தோணலை பாரு சாமி" என்பார். அதைக் கேட்பதற்காகவே மூன்று புஸ்தகம் படிக்கலாம்.

இதில் என் அப்பா வந்து மாட்டிக்கொண்டதைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. பெண் பிள்ளைக்கு மூணாங் கிளாஸ் தாராளம், அதற்கு மேல் படித்து யாருக்குக் கணக்குப் பிள்ளையாகப் போகிறாள் என்பது அவர் கட்சி. அந்த வருஷம் நான் மூணாங் கிளாஸ். ஒரு நாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ஒரு கதையைச் சத்தமாக வாசித்தேன். ஆற்றின் அக்கரையில் இருக்கும் அக்காளைப் பார்க்க ஒரு பெண் முதலையின் முதுகில் ஏறிப் போகிறாள். நடு ஆற்றில் முதலை நின்றுவிடுகிறது. அதோடு தாள் அறுபட்டிருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பா, மேலே படி என்றார். இல்லை என்றேன். இல்லையென்றால் என்ன அர்த்தம் என்றார்.

மறுநாள் காலையில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, கையில் சாட்டைக் குச்சியோடு அப்பா வாசலில் வந்து நின்றார். அதைப் பார்த்ததும், இன்றோடு நம் படிப்புக்கு மங்களம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க வாத்தியாரே, கெணத்துல தண்ணி எறைக்கறப்பவும் அதே நெனப்பா இருக்குதுங்க. அந்தப் புள்ளைய மொதலை தின்னுபோட்டுதா, உட்டுபோட்டுதா? அத மட்டும் சொல்லிப்போடுங்க, நான் போறேன்."

"சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க. மொதல்ல நீங்க ஒரு முடிவு சொல்லோணும்."

அப்பா கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று பார்த்தேன். அவர் சாட்டைக் குச்சியைச் சுவரில் சாத்திவிட்டு, ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆரம்பித்தார் பாருங்கள். ஆறு யாருடையது என்று முதலைக்கும் பெண்ணுக்கும் தகராறு. எட்டு ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பஞ்சாயத்து. முதலை தன் பாட்டன் காலத்து அனுபவ பாத்தியதையைச் சொன்னது. ஒரு கிழ ஆமை சாட்சி சொல்லி, பின்னால் பல்டி அடித்தது. கடைசியில் ஆழமான மடுவு முதலைக்கு, முழங்கால் தண்ணீர் ஓடுகிற இடம் மனுஷருக்கு என்று தீர்ப்பாகி, முதலையே அந்தப் பெண்ணை அக்காள் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. மத்தியான மணி அடித்தும் ஒரு பிள்ளை எழுந்திருக்கவில்லை. வாத்தியார் கோட்டுப் பையில் கைவிட்டுத் தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் வாசித்தேன். ஒரு வேடன் வந்தான், முதலையைக் கொன்றான், பெண் அக்கரை சேர்ந்தாள். மொத்தம் மூன்று வரி.

அப்பாவுக்கு முகமே செத்துவிட்டது. புஸ்தகம் எழுதினவருக்கு ஏதோ அவசர ஜோலி போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றுமுதல் மூணாங் கிளாஸ் தாராளம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. சாயங்காலமானால், இன்னைக்கு என்ன பொஸ்தகம் என்று கேட்க ஆரம்பித்தார்.

இப்படி ஊரே சந்தோஷமாக இருந்தால் யாருக்காவது பொறுக்காதே. சர்க்கார் புஸ்தகங்களை வாத்தியார் கிழிக்கிறார் என்று ஒரு மொட்டைப் பெட்டிஷன் சேலத்துக்குப் போயிற்று. இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தபால் வந்தது. வாத்தியாருக்குக் கலக்கம் இல்லை. தாள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, காரணத்தைச் சொல்லித் திருப்பி ஒட்டிவிடலாம் என்று இருந்தார். கலக்கம் அவர் சம்சாரத்துக்குத்தான். பெரிய அதிகாரி எதிரில் இந்த அழுக்குக் கோட்டோடா நிற்பது என்று, அவர் குளிக்கப் போன சமயம் பார்த்துக் கோட்டைச் சலவைக்குப் போட்டுவிட்டார் அந்த மகராசி. சலவைக்காரரும் இன்ஸ்பெக்டருக்கான கோட்டு என்று கேள்விப்பட்டு, திருமணிமுத்தாற்றில் வழக்கத்துக்கு மேல் நாலு அடி சேர்த்தே அடித்திருக்கிறார்.

சலவைக் கோட்டு வந்து, வாத்தியார் அதை அவசரமாக மாட்டிக்கொண்டபோதே இன்ஸ்பெக்டர் ஜட்காவில் வந்து இறங்கினார். சிடுசிடுத்த மனுஷர். மேஜையில் ஆட்டையாம்பட்டி முறுக்கு ஒரு தட்டு வைத்திருந்தது. அதைத் தொடாமல் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு புஸ்தகமாகப் புரட்டினார். கடைசித் தாள் எங்கே என்றார். வாத்தியார் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, இஸ்திரி போட்டு விறைப்பாக இருந்த கோட்டின் உள்பையில் கையை விட்டார். விட்ட கை அப்படியே நின்றுபோயிற்று. பிறகு மெதுவாக வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார். நாற்பது கதையின் முடிவும் சேர்ந்து ஒரு பிடிகொழுக்கட்டையாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். வாத்தியாரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி ஒரு தாளில் எழுதிவிட்டு, பெட்டி தன்னோடு சேலத்துக்குத் திரும்புவதாகச் சொன்னார். ஜட்காக்காரர் வந்து பெட்டியைத் தூக்கினார். வாத்தியார் அந்தக் கொழுக்கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து, அந்தத் தாளில் இருந்தது எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். எனக்குந் தெரியுமுங்க என்று நல்லான் எழுந்தான். பின்னால் வரிசையாக எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

தெரிந்தால் எழுதுங்கள் என்று இன்ஸ்பெக்டர் வெள்ளைத்தாளை எடுத்துப் போட்டார். எங்களால் முடியாது என்று நினைத்திருப்பார். பள்ளிக்கூடத்தில் இருந்த பேனாக்கட்டை மூன்று. மற்றவர்களுக்குப் பென்சில். எந்தக் கதையை யார் எழுதுவது என்று ஒரு குட்டிக் கலகமே நடந்தது. பொழுது சாய்வதற்குள் நாற்பது தாளும் மைக்கறையோடு அவர் எதிரில் இருந்தன. அவர் ஒரு தாளை எடுத்தார். அதைப் புரிந்துகொள்ள, வண்டியில் ஏற்றிய பெட்டியிலிருந்து அந்தப் புஸ்தகத்தை எடுத்துவரச் சொன்னார். படிக்கப் படிக்கக் கை தானாக முறுக்குத் தட்டுக்குப் போயிற்று. தையற்காரன் கதையில் புலி வந்ததும் முறுக்கு பாதியில் நின்றது. அடுத்து என்னுடைய தாள். அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் புஸ்தகம் என் பையனிடம் இருக்கிறது. அதில் வேடன் முதலையைக் கொன்றுவிடுகிறான். இது நீயாக எழுதியதுதானே?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். வாத்தியார் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"புஸ்தகத்துல அப்படித்தானுங்க. அது நல்லா இல்லீங்க. இது எங்கப்பன் சொன்னதுங்க."

இன்ஸ்பெக்டர் என் தாளை மறுபடி ஒரு தடவை படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த ஆமை ஏன் பல்டி அடித்தது என்று கேட்டார். முதலை அதன் சம்பந்தி என்று சொன்னேன். அந்தச் சிடுமூஞ்சி மனுஷர் சிரித்த சிரிப்பில் ஜட்காக் குதிரை மிரண்டது. பெட்டியை இறக்கி வைக்கச் சொன்னார். இனிமேல் ஒரு தாளையும் அறுக்கக் கூடாது, இந்த நாற்பதையும் அந்தந்தப் புஸ்தகத்தில் ஒட்ட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை நீக்கம் பற்றி எழுதின தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, முறுக்கில் இரண்டைப் பையனுக்கென்று எடுத்துக்கொண்டு வண்டி ஏறினார்.

வாத்தியார் அன்றே கஞ்சிப் பசை காய்ச்சி, எங்களை வைத்துக்கொண்டு ஒட்ட உட்கார்ந்தார். ஒவ்வொரு தாளையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் ஒட்டினார். எழுத்துப்பிழையைக் கண்டால் காதைத் திருகாமல் விடாத மனுஷர் அவர். எங்கள் தாள்களில் பிழைக்குப் பஞ்சமில்லை. சிவப்பு மை பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. திருத்த வேண்டாமா என்று நான்தான் கேட்டேன்.

"இருக்கட்டும் சாமி. இப்படியே இருந்தாத்தான் எது யாரு எழுதுனதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, என் தாளைக் கோணாமல் வைத்து, உள்ளங்கையால் நெடுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தார்.