கடைசி பஸ்ஸுக்கு உபயகாரர்

பெருமதிப்புக்குரிய அத்தான் இராஜேந்திரன் அவர்களுக்கு, லாங்கன்தாலுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து உங்கள் மைத்துனன் கனகரத்தினம் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் மனைவி சிவமலரும் சுகம். லா ஷோ-து-ஃபோன் மலையூர்ப் பனியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். போனில் சொன்னால் இடையில் வெட்டிக் கதைப்பீர்கள் என்பதால்தான் கடிதம். அத்தான், நான் வென்றுவிட்டேன்!

திரிம்பாக் கோயிலில், அன்னதானப் பந்தியில் இருந்துகொண்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கும். "றோட்டோ றயிலோ, பாவிக்கிறவன் காசைக் கட்டட்டும். அரசாங்கம் ஏன் என்ர வரியிலை கை வைக்குது?" என்றீர்கள். அப்போது நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்றாவது வடை வேறொருவருடைய உபயம் என்பது எனக்கு அன்று தோன்றாமல் போய்விட்டது. இப்போது பதில் இருக்கிறது. எங்கள் ஊரே கை உயர்த்திச் சொன்ன பதில்.

ரயிலில் வந்து இறங்குபவர்களை ஏற்றிவரும் கடைசி பஸ்ஸை நிறுத்தப்போவதாகச் சித்திரையில் எங்கள் ஊர்ச்சபை அறிவித்தது. ஆள் ஏறுவதில்லையாம், செலவு கட்டாதாம். சிவமலர் முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை முடித்து அந்த பஸ்ஸில்தான் வீட்டுக்கு வருகிறாள். பேக்கரி வேலைக்கு விடியமுன் எழும்புகிற நான் அந்த நேரம் நல்ல நித்திரை, காரில் போய் ஏற்றிவர முடியாது; அவளுக்கோ கார் ஓடத் தெரியாது. பஸ் நின்றால் அவளுடைய வேலையும் நிற்கும். அந்த வேலையென்றால் அவளுக்கு உயிர். அங்கே இருக்கிற கிழவிகள் வேறு யார் கையாலும் மருந்து குடிக்கமாட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறி, சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்த நாளிலிருந்து எட்டிப் பார்க்காத ஊர்க்கூட்டத்துக்கு, மார்கழியில் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

அங்கே எஷ்லிமன் என்றொரு விவசாயி எழும்பினார். உங்களைப் போலவே தொப்பை, உங்களைப் போலவே குரல். அவருடைய ஜேர்மனை நம்முடைய தமிழில் தருகிறேன்: "வெறும் பஸ்ஸுக்கு நான் ஏன் கட்டவேணும்? ஏறுறவை கட்டட்டும்." மண்டபம் கைதட்டியது. எனக்கு நீங்களே எழும்பி நிற்பது போல் இருந்ததால் கூச்சம் பறந்துவிட்டது. "ஐயா, மலையிலை உங்கட வீட்டுக்குப் போற றோட்டிலை பனி வழிக்கிறது ஆரின்ர காசிலை? என்ர வரியும் அதுக்குள்ளை கிடக்கு. எனக்கு அங்கை ஒரு மாடுகூட இல்லை!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. "எங்கட கோயில் திருவிழாவிலை ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் செலவைப் பொறுப்பெடுக்கும். வடம் பிடிக்க ஏலாதவையும் குடுப்பினம், கனடாவிலை இருக்கிறவையும் குடுப்பினம். தேர் எல்லாருக்கும் பொது. றோட்டும் றயிலும் பஸ்ஸும் அப்பிடித்தான்!"

சபைத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப வரிதான் எங்கட திருவிழாக் காசு, என்ன?" என்றார். "ஓம்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

பஸ் செலவை ஊர் வரியிலிருந்தே கொடுப்பது, ஒரு வருடம் ஓடவிட்டு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்ப்பது எனத் தீர்மானம். மண்டபம் முழுக்கக் கை. எஷ்லிமனின் கைகூடப் பாதி எழும்பியது. வெளியே வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அத்தான்.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு நீண்ட ஆயுளும், கொஞ்சம் நல்ல புத்தியும் கிடைக்க உங்கள் பெயரில் ஓர் அர்ச்சனை செய்விக்கிறேன்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற மைத்துனன்
கனகரத்தினம்

பி.கு.: போன கிழமை இந்தக் கடிதத்தை ஒட்டமுன் சிவமலருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, கைப்பையிலிருந்து கார் லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்தாள். பஸ் நிற்கப்போகிறது என்று கேள்விப்பட்டதுமே எனக்குத் தெரியாமல் கார் ஓடப் பழகத் தொடங்கினாளாம். பழக்கியது அதே இல்லத்தில் வேலை செய்யும் எஷ்லிமனின் மனைவி. "உங்கட ஜேர்மனை நம்பி என்ர வேலையை விடேலுமோ?" என்கிறாள். இப்போது என் காரில்தான் போய்வருகிறாள். பஸ்ஸை வெறுமையாக ஓடவிட்டால் மானம் போய்விடும் என்று நித்திரையைக் கெடுத்து நான்தான் ஏறி இறங்குகிறேன். நேற்றும் சாரதியும் நானும் மட்டுமே. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன் அத்தான், அக்காவையும் கூட்டிக்கொண்டு ஒரு கிழமை வந்து நில்லுங்கள். காரைக் கொண்டுவர வேண்டாம்.