உம்மு ஹானி சோறு தள்ளிய சருக்கம்

ஏரி ஒருபுறமும் கடல் மறுபுறமும் நின்று சாமரம் வீச, நடுவே கொலுவிருக்கும் பழவேற்காட்டில், இறால் வியாபாரி உமரின் இல்லத்தரசியும், இருவர் தூக்கும் ஐஸ் பெட்டியை ஒருத்தியாய்த் தூக்கும் தோளினளும், நடந்தால் நிலமதிரும் பெருமேனியளுமாகிய உம்மு ஹானி வாழ்க, அவள் கொற்றம் ஓங்குக. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தபின், அவள் ஒரு பிடி சோற்றோடு பொருத பெரும்போர் இனி முறைப்படி விளம்பப்படும்.

நிற்க. போருக்கான காரணம் பின்வருமாறு. முழங்கால் வலியும் ரத்தக்கொதிப்பும் கூட்டணி சேர்ந்து அவளை முற்றுகையிட்டமையால், பொன்னேரி டாக்டர் ஒருவர் எடையைக் குறைக்கச் சொல்லி, பசியை வேரோடு சாய்க்கும் மாத்திரை என்னும் அஸ்திரத்தை அருளியிருந்தார். மேற்படி அஸ்திரம் பழுதின்றி வேலை செய்தது. பழுது செய்தது அவள் வாய். பீரோக் கண்ணாடி முன் நின்று, இடுப்புச் சதையைக் கிள்ளி, "பீப்பா, பீப்பா" என்று நாள்தோறும் தன்னைத்தானே வசைபாடினாள். அவ்வசை, கதவோரம் நின்ற ஒன்பது வயது மகள் ஆமினாவின் செவியில் நஞ்சு தோய்ந்த அம்பாய்ப் பாய, அச்சிறுமியும் வயிற்றை எக்கிக்கொண்டு நடக்கவும், சோற்றைக் கண்டால் முகந்திருப்பவும் தலைப்பட்டாள். மகளின் பாவாடை இடுப்பில் நில்லாது நழுவியதைக் கண்ட அன்றே தாயின் நெஞ்சில் போர்முரசு அதிர்ந்தது.

"நான் துன்னாதான் அவளும் துன்னுவா" என்று சூளுரைத்துக் களம் புகுந்தாள்.

களமாவது, சஹன் என்னும் அகன்ற தாம்பாளம். அதை நடுவில் வைத்து வீட்டார் சுற்றி அமர்ந்து, அவரவர் முன்னுள்ள சோற்றை அவரவர் உண்பது அக்குடும்ப வழக்கம். அயலெல்லையில் கை வைப்பது பிழை. தனித்தட்டில் உண்ணாமையை ஒளிக்கலாம். சஹனிலோ உண்ணாதவள் பங்கு மலையாய் நின்று காட்டிக்கொடுக்கும்.

இறால் ஆணம் என்னும் குழம்பு மணக்க, முதற்கவளம் வீழ்ந்தது. இரண்டாவது தொண்டையில் பாசறை அமைத்தது. மூன்றாவதைக் கண்டதும் வயிறு கோட்டைக்கதவை அடைத்தது. வேறு வழியின்றி வீராங்கனை வஞ்சகப் போரில் இறங்கி, ஐவிரல் சேனையை ஏவி, சோற்றைச் சிறுகச் சிறுகக் கணவன் எல்லைக்குள் தள்ளலானாள். உண்ண உண்ணக் குறையாத அதிசயத்தில் திளைத்திருந்த உமர் ஒருவாறு நிமிர்ந்தார்.

"இன்னா புள்ள, என் பக்கம் சோறு ஊறிக்கினே கீது?"

"உம்மாதான் தள்ளுது வாப்பா" என்றாள் ஆமினா, கையைக்கூட நனைக்காமல். "அது சாப்புடாதாம். நான் மட்டும் சாப்புட்டு பீப்பா ஆவணுமாம்."

அவ்வளவில் சேனை சிதறியது. எல்லையிலேயே பிடிபட்ட விரல்களோடு சற்றுத் தலைகவிழ்ந்த பெருமாட்டி, தள்ளிய சோற்றைத் தன்பால் மீட்டுக்கொண்டு, ஏரி மீனெல்லாம் செவிசாய்க்க முழங்கினாள்:

"இங்க பாருடி. முட்டி வலிக்குதுன்னு டாக்டரு மாத்திரை குடுத்தாரு. அது பசிய அமுக்குது, அதான் எனக்கு எறங்கல. உனக்குப் பசிக்குதில்ல, நீ துன்னு."

"அப்ப கண்ணாடில பாத்துக்கினு பீப்பான்னு சொல்றது?"

"அது என் வாய்க்கொழுப்பு. அதுக்கு டாக்டர்கிட்ட மாத்திரை இல்ல, நானேதான் அடக்கணும். ஒழைக்கிற ஒடம்ப இன்னாத்துக்குத் திட்டறேன்னு எனக்கே தெரியல. இனிமே திட்டமாட்டேன்."

"திட்டினா?"

"உன் வாப்பா கிட்ட சொல்லு."

"நான் சாட்சி" என்றார் உமர், வாய் நிறைய சோற்றோடு.

பின்னர் அம்மாதரசி, தனக்கு இறங்கும் அளவை மட்டும், ஒளிவின்றி, எல்லார் கண்ணெதிரே நிதானமாய் உண்டு, "எனக்குப் போதும்" என்று கையெடுத்தாள். எண்திசையும் மூச்சடக்கின. சிறுமியின் வலக்கை எழுந்தது, இடையில் தயங்கியது, பின், நாட்கணக்கில் அடைபட்டிருந்த பசி என்னும் பெருவெள்ளம் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு பாய, இறால்கள் திசைக்கொன்றாய்ச் சாய, சோற்றுமலை சரிந்து தரைமட்டமாக, தாம்பாளத்தின் அடித்தகடு அவள் எதிரில் பூரணச்சந்திரனென ஒளிவீச,

ஆமினா இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.