மூட்டைகளை வழியனுப்பி வைத்தவர்

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனிலிருந்து, ஒரே ஒரு நாள் தவிர, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போன மூட்டை என்று ஒன்று இன்றுவரை கிடையாது. தமிழ்நாட்டில் வேறெந்த ஊர் மூட்டைக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்காது. மனிதர்களுக்கே கிடைப்பதில்லை. காலையில் நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என் மனைவி போனிலிருந்து கண்ணை எடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அந்த மரியாதையைச் செய்துவந்தவர் மார்க்கா. நான் சிதம்பரத்திலிருந்து தினமும் ரயிலேறிப் போய் புக்கிங் கிளார்க்காக உட்கார்ந்திருந்த லாரி பார்சல் ஆபீஸில், மூட்டைகள் மேல் கறுப்பு மையில் பிரஷ்ஷால் ஊர்ப் பெயரும் வாங்குபவரின் அடையாளமும் எழுதுவது அவர் வேலை. அந்த எழுத்துக்குத்தான் எங்கள் தொழிலில் மார்க்கா என்று பெயர். எழுதி எழுதி அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

எழுதி முடித்ததும் மூட்டையின் தோளில் இரண்டு தட்டு. மூட்டைக்குத் தோள் உண்டு என்பதே அவரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். "திட்டக்குடி, போய்ட்டு வா." அடுத்த மூட்டை. "காடாம்புலியூர், போய்ட்டு வா." லாரி கிளம்பினால் முனை திரும்பும்வரை வாசலில் நிற்பார்.

"மாமா, அது கருவாடு மாமா. போனா எப்படி வரும்?" என்று லோடுமேன்கள் கிண்டல் செய்வார்கள்.

"சொல்லி அனுப்புறது நம்ம வேலை. வர்றதும் வராததும் அது இஷ்டம்."

மனிதர்களையும் அவர்கள் போகிற ஊரை வைத்துத்தான் கூப்பிடுவார். நான் சிதம்பரம். டீ கொண்டுவருபவர் வண்டிப்பாளையம். சின்ன முதலாளி சனிக்கிழமை தவறாமல் காரெடுத்துக்கொண்டு பாண்டிச்சேரி போவார், ஆகவே அவர் பாண்டி. இதில் மார்க்காவுக்குக் குசும்பு கொஞ்சமும் கிடையாது. அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத ஒரே கடலூர்க்காரர் அவர்தான்.

ஒரு முந்திரி வியாபாரி, மூட்டை மேல் 'முதல்தர முந்திரி' என்று பெரிதாக எழுதச் சொல்லி அடம்பிடித்தார். மார்க்கா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். "எங்க போவுதுன்னுதான் எழுதணும். உள்ள என்னா இருக்குன்னு எழுதினா, வழியில நிக்கிறவன் எல்லாம் கைய வுட்டுப் பாப்பான்." வியாபாரி முதலாளியிடம் போனார், யூனியனிடம் போனார், கடைசியில் எழுதாமலே மூட்டை போனது.

சத்தம் என்றால் மார்க்காவுக்கு ஆகாது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தால் கட்டாயம் வருவார், ஆனால் முதல் நாள் காலையில். காலி மண்டபத்தில் காலி நாற்காலி ஒன்றில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போவார். என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் அப்படித்தான் வந்தார். ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவரிடம் சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து, அந்தப் பெயின்டர் வாங்கி வந்த டீயில் பாதியைக் குடித்து, "வீடு நல்லா இருக்கு, நல்லா இருங்க" என்று வாழ்த்திவிட்டுப் போய்விட்டார். பெயின்டர் ரொம்ப நாள் அந்தக் கடிகாரம் தனக்கு வந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் வாழ்க்கையில், சின்ன முதலாளி சிதம்பரத்தில் ஒரு ஓட்டல் மாடியில் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு வைத்தார். கோட்டு போட்ட ஒருவர் வந்து ஆளுமையைப் பற்றிப் பேசினார். போகும்போது ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார். கடைசிப் பத்துப் பக்கத்தில் ஆளுமைக் கோளாறுகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் அறிகுறிகளோடு. மற்றவர்கள் அதை வைத்து விசிறிக்கொண்டார்கள். நான் படித்துத் தொலைத்தேன். பெரிய புத்தகங்களை அரைகுறையாகப் படித்துவிட்டு முழுசாகப் பேசுவது எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே உள்ள பழக்கம்.

அன்று முதல் நான் சுற்றிலும் நோயாளிகளையே பார்த்தேன். என் மச்சான் ஓயாமல் பேசுவான், பக்கம் நாற்பத்திரண்டு. எதிர்வீட்டுக்காரர் யாருடனும் பேசமாட்டார், பக்கம் நாற்பத்து மூன்று. என் மனைவி தூங்கப்போகுமுன் மூன்று தடவை கேஸை மூடியாயிற்றா என்று பார்ப்பாள். பக்கம் நாற்பத்தைந்தை அவளுக்கே வாசித்துக் காட்டினேன்.

"கேஸ் வெடிச்சா அதுக்கு என்னா பேருன்னு போட்டிருக்கா உங்க புக்குல?" என்றாள்.

போடவில்லை. ஆகவே என் ஆராய்ச்சியை ஆபீசுக்கு மாற்றிக்கொண்டேன். மார்க்காவிடம் அந்தப் பத்துப் பக்கமும் இருப்பதாக எனக்குப் பட்டது. ஒரு நோட்டு வாங்கினேன். '9.10: கோடவுன் வழியாக வந்தார், முன்வாசல் காலியாக இருந்தும். 11.00: டீயில் பாதி. 11.20: மீதிப் பாதி. 1.00: எலுமிச்சம் சாதம், 181வது நாளாக. 3.41: விருத்தாசலம் மூட்டையிடம் சற்று அதிக நேரம் பேசினார்.' எட்டு மாதத்தில் நோட்டு நிறைந்தது. புக்கிங் வேலை என்று ஒன்று இருந்ததே, அதை யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, சின்ன முதலாளியின் மாமனார் திடீரென்று ஆபீசுக்கு வந்துவிட்டார். வாசலில் மார்க்கா.

"மாப்பிள்ளை இல்லியா?"

"பாண்டியா? சனிக்கெழம மூணு மணிக்கு பாண்டிச்சேரி போனா திங்கக்கெழம லேட்டாத்தான் வருவாரு. கண்ணு செவந்திருக்கும். மோர் குடுத்தா சரியாயிடும்."

மோர் கொடுத்தும் அன்று எதுவும் சரியாகவில்லை. மாமனார் போன பிறகு சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அந்தாளுக்கு மண்டையில ஏதோ இருக்கு சார். நீங்க எழுதி வச்சிருக்கீங்களாமே? நோட்டைக் குடுங்க." பாதி பெருமையோடு கொடுத்துவிட்டேன். அவர் நாலு பக்கம் புரட்டியதும்தான் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.

"டாக்டர்கிட்ட காட்டி சர்டிபிகேட் வாங்கிட்டு வரட்டும். நோயில்லன்னு எழுதிக் குடுத்தா வேலை. இல்லன்னா வீட்டுக்குப் போவட்டும். மூட்டைக்கு இனிமே ஸ்டிக்கர்தான், பிரிண்டர் வந்தாச்சு. நீங்களே கூட்டிட்டுப் போங்க, நோட்டு உங்களுதுதானே?"

மார்க்காவிடம் நான்தான் சொன்னேன். அவர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே கேட்டார். "சரி. வேலைய வுட்டு நிறுத்திட்டா, மூட்டைங்களுக்கு யாரு சொல்லுவாங்க?" முப்பது வருஷமாக அவர் பார்த்த வேலை. வேறு வேலை அவருக்குத் தெரியாது, நான் எழுதிய நோட்டு அதைப் பறிக்கப்போகிறது.

மறுநாள் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போனோம். பாட்டு அலறியது. மார்க்கா சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு நிம்மதியாக வயல் பார்த்தார். எனக்குத் தலைவலி. பஞ்சு கேட்கக் கூச்சம்.

மனநல டாக்டரம்மாவின் வரவேற்பறையில் இருபது பேர். எங்கள் டோக்கன் பத்தொன்பது. மார்க்கா உட்காரவில்லை. ஒவ்வொருவரிடமும் போய் "நீங்க எங்க போவணும்?" என்று கேட்டார். பிறகு டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் வந்தார்.

"காட்டுமன்னார்கோயில் மூணு பேரு இருக்காங்கம்மா. நாலரை பஸ்ஸை வுட்டா அப்பறம் ஒரு மணி நேரம் நிக்கணும். அவுங்கள மொதல்ல அனுப்பு. இந்த அண்ணாமலை நகர் நாலு பேரும் நடந்தே போயிடுவாங்க, கடைசியில வச்சிக்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அண்ணாமலை நகர்க்காரர்களோ, "ஆமாம்மா, அவர் சொல்றது சரிதானே" என்று எழுந்து இடம் மாறிக்கொண்டார்கள். பத்தே நிமிஷத்தில் அந்த அறை முழுவதும் ஊர்வாரியாக உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மா என் நோட்டை முழுக்கப் படித்தார். பிறகு மார்க்காவிடம் ஆரம்பித்தார்.

"தூக்கம் வருதா?"

"ஒன்பதரைக்கு வரும்."

"தினமும் எலுமிச்சம் சாதமாமே?"

"அது தினமும் நல்லாத்தான இருக்கு?"

"மூட்டைங்ககிட்ட பேசுவீங்களா?"

"பேசுவேன்."

"அது பதில் பேசுமா?"

மார்க்கா அவரை இரக்கத்தோடு பார்த்தார். "மூட்டை எப்படிம்மா பேசும்?" என்றவர் என் பக்கம் சாய்ந்து, "சிதம்பரம், இந்தம்மா நல்ல டாக்டர்தானா?" என்று கேட்டார். ரகசியம் பேசத் தெரியாதவர், சத்தமாகவே கேட்டார்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இப்படியெல்லாம் இருக்கறதால உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?"

மார்க்கா விரல்விட்டு எண்ணினார். "சத்தம் கஷ்டம். அதுக்குப் பஞ்சு இருக்கு. வேலை போயிடும்னு சொல்றாங்க, அது கஷ்டம். அப்பறம் இவுரு. எட்டு மாசமா பின்னாடியே வந்து நோட்டுல எழுதிட்டிருக்காரு. பாவம், ஒண்ணும் சொல்லிக்கிறதில்ல நானு."

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"தினமும் எழுதுவீங்களா?"

"ஞாயித்துக்கெழம தவிர, மேடம்."

"ஒரு நாள் எழுதாம வுட்டா?"

"ஒரு மாதிரி இருக்கும். கை பரபரங்கும்."

"மூணு நாற்பதுன்னு எழுதி அடிச்சிட்டு, மூணு நாற்பத்தொண்ணுன்னு திருத்தியிருக்கீங்களே?"

"அதுதான் மேடம் கரெக்ட் டைம்."

பேஷன்ட் யார் என்பதில் அந்த நிமிஷம் மூன்று பேருக்குமே சந்தேகம் இருந்திருக்கும். மார்க்கா மட்டும் பெருந்தன்மையாக, "அவுரு நல்லவருங்க. அவுரு சுபாவம் அது" என்றார்.

"சுபாவம்னு இந்த ஒரு வார்த்தையச் சொல்லத்தான் நான் இவ்வளவு வருஷம் படிச்சேன்" என்றார் டாக்டரம்மா. "கஷ்டப்படுறவங்க வரணும். வந்தா மருந்து இருக்கு, பேசுறதுக்கு நாங்க இருக்கோம். இவரு கஷ்டப்படல. ஒருத்தர் குள்ளம், ஒருத்தர் உயரம், இவரு இந்த அளவு."

நான் சமாளிக்கப் பார்த்தேன். "வேலையிலயும் கெட்டிக்காரர்தான் மேடம். ஒரு மூட்டை ஊர் மாறினதில்ல."

"அது உங்க முதலாளி பாக்க வேண்டியது சார். கெட்டிக்காரரா இல்லன்னாலும் இது நோய் இல்ல" என்று சொல்லி, சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'பரிசோதித்தேன். நோய் எதுவும் இல்லை. இது இவருடைய சுபாவம்.' நோட்டை என்னிடம் நீட்டி, "இத நிறுத்திப் பாருங்க. முடியலன்னா தனியா வாங்க" என்றார்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போனால் சின்ன முதலாளி காதுக்கொரு போனோடு நின்றிருந்தார். முதல் நாள் நாங்கள் இல்லாதபோது பிரிண்டர் வேலை செய்திருக்கிறது. துறைமுகத்துக் கருவாட்டு மூட்டையின் உப்பீரம் பக்கத்து மூட்டைகளிலும் ஏறிவிட்டால் ஸ்டிக்கர் எத்தனை நேரம் நிற்கும்? கீழே உதிர்ந்து கிடந்ததையெல்லாம் லோடுமேன்கள் பொறுக்கி, காலியாக இருந்த இடத்தில் ஒட்டிவிட்டார்கள். காட்டுமன்னார்கோயில் கருவாட்டு வியாபாரிக்குக் கண்ணாடி வளையலும் பித்தளைத் தாம்பாளங்களும் போய்ச் சேர்ந்திருந்தன.

"எனக்கா சார் வளைகாப்பு?" என்று ஒரு போன் கேட்டது. இன்னொரு போனில் திட்டக்குடி. அங்கே நிஜமாகவே வளைகாப்பு, வாசலில் நாலு மூட்டை நெத்திலி. பேசியது பெண்ணின் மாமியார். அந்தம்மா பேசியதை அச்சில் போட முடியாது.

நான் சீட்டை நீட்டினேன். அவர் இரண்டு போனையும் இறக்கிவிட்டுப் படித்தார்.

"சுபாவம்னா? சரி ஆவாதா?"

"ஆவாது சார். எனக்கும் ஆவாதாம்."

அவர் வெளியே பார்த்தார். மார்க்கா அதற்குள் கோடவுன் வழியாக வந்து, மையைக் கலக்கிக்கொண்டிருந்தார். "சரி. இருக்கட்டும். பாண்டின்னு மட்டும் கூப்பிட வேணாம்னு சொல்லுங்க."

சொன்னேன். மார்க்கா மறுத்துவிட்டார், போகிற ஊர் அதுதானே? ஆனால் மாமனார் சனிக்கிழமைகளில் ஆபீசிலேயே வந்து உட்கார ஆரம்பித்தார். மூன்று வாரம் கவனித்துவிட்டு மார்க்கா தானாகவே பெயரை மாற்றினார். "கடலூர் வந்துட்டாரு" என்று அவர் சொன்ன அன்று, சின்ன முதலாளி முகத்தில் விடுதலை கிடைத்தது போலவும் இருந்தது, ஆயுள் தண்டனை கிடைத்தது போலவும் இருந்தது.

பிரிண்டர் இப்போது ஒரு மூலையில் இருக்கிறது. அதன் மேல் எலுமிச்சம் சாத டப்பா.

போன மாதம் என்னைச் சிதம்பரம் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். பிரிவு உபசாரம் ஒரு வெள்ளிக்கிழமை. மாலை, மைக், கேக், பேச்சு, என் மச்சானை மிஞ்சும் சத்தம். மார்க்கா வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர் வியாழக்கிழமையே வந்து போயிருந்தார். சாயங்காலம் நான் ரயிலுக்குக் கிளம்பும்போது பிரஷ்ஷோடு என் மேசைக்கு வந்தார். என் சாப்பாட்டுப் பையை வாங்கித் தரையில் வைத்து, உட்கார்ந்து, நிதானமாக எழுதினார்: சிதம்பரம். வேறொன்றும் எழுதவில்லை. எழுந்தார். யாருக்கும் கைகூடக் கொடுக்காத மனிதர், என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"சிதம்பரம், போய்ட்டு வா."

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தார்.

அந்த மை போகாது. பையை மாற்றித் தொலையுங்கள் என்று என் மனைவி மூன்று தடவை சொல்லிவிட்டாள். நான் தினமும் அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன், முன்வாசல் காலியாக இருந்தும், கோடவுன் வழியாக.