எட்டிக்கொட்டை வழக்கு

ஒரு காட்டில், ஆண்டவன் புண்ணியத்தில், ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. பாய்ந்து வருகிறவனை அடிக்கலாம். சும்மா இருக்கிறவனை அடிக்கக் கூடாது.

அங்கே அன்னக்கொடி என்று ஒரு முள்ளம்பன்றி. அவள் தன் வளைக்குள் எட்டிக்கொட்டை சேர்த்து வந்தாள். அதைப் பக்குவமாகச் செய்தால் வாதத்துக்கு மருந்து, பக்குவம் மாற்றி அரைத்தால் விஷப்பொடி. புருஷனுக்குக் கால்வாதம், அதற்குத்தான் என்றாள். புலியார் நம்பவில்லை. அவர் குகையில் எட்டிப்பொடி மலையாகக் குவிந்திருந்தது. ஆகவே விஷயம் தெரிந்தவர்.

காட்டின் சார்பில் சோதனை பார்க்கிற கொக்கு அடிக்கடி வந்து வளைக்குள் கழுத்தை நீட்டிப் பார்க்கும். கொட்டை இருக்கிறது, அரைத்த தடயம் இல்லை, கடைசி அறைவரை கழுத்து எட்டவில்லை என்று சொல்லிவிட்டுப் போகும். அன்னக்கொடியும் அந்த அறையைத் திறக்கமாட்டேன் என்றாள். "எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிற மனுஷனை ஊருக்கே காட்டுவேனா?" அவளுக்கும் வீம்பு கொஞ்சம் அதிகம்தான்.

ஒருநாள் அவள் ஓடைக்குப் போயிருந்தபோது புலியார் வந்து வளையை மிதித்தார். கடைசி அறையைத்தான் முதலில் மிதித்தார். உள்ளே இருந்தவரால் ஓட முடியவில்லை.

வழக்கு ஆமை நீதிபதியிடம் வந்தது. அவள் பாய்ந்தாளா என்று ஆமை கேட்டது.

"பாயவில்லை ஐயா. நாளைக்குப் பாயலாம். அரைத்து முடித்த பிறகு என்னால் அடிக்க முடியுமா? எனக்குப் பயமாக இருக்காதா?" என்றார் புலியார்.

ஆமை புலியாரின் நகங்களை வெகுநேரம் பார்த்தது. பிறகு தீர்ப்புச் சொன்னது. சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லையாம். 'பாய்ந்து வருகிறவன்' என்றால் 'பாயக்கூடும் என்று புலியார் நினைக்கிறவன்' என்று புரிந்துகொண்டால் போதுமாம். மருந்து வேண்டியவரும் காலமாகிவிட்டதால், இனிக் கொட்டைக்கும் அவசியமில்லையாம்.

அன்னக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா, புலியார் பாயக்கூடும் என்று நானும் நினைக்கிறேன். அவர் குகையில் பொடியே இருக்கிறது. அவரை அடிக்கலாமா?"

"அது அரைத்து முடித்த பொடி, தாயி. அதை யார் அடிப்பார்கள்?" என்று சொல்லிவிட்டு ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் காடு முழுக்க அம்மியில் அரைக்கிற சத்தம். அன்னக்கொடி வளையில், முயல் வீட்டில், மான் வீட்டில், கொக்கு வீட்டிலும்கூட. கேட்டால், எல்லாருக்கும் கால்வாதமாம்.

நீதி: பிள்ளைகளே, கெட்ட காரியத்தில் இறங்காதீர்கள். இறங்கிவிட்டால், சாமியைக் கும்பிட்டுச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். பாதியில் நிற்கிறவனைத்தான் சட்டம் அடிக்கும்.