மருமகன் குறைத்த வோல்டேஜ்

எத்தாளை,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தி ஸியாத் ஹாஜியார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் என் மனைவி அஸீஸாவும் மகளும் மருமகனும் இங்கே சுகம். தில்லையடியில் நீங்களும் வீட்டிலுள்ளவர்களும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். குறையாவிட்டாலும் இந்தக் கடிதத்தை நீங்கள் உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். கையில் ஃபோன் இருக்கும்போது என்னத்துக்குக் கடிதம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுச் சுவர்கள் கூரை வரைக்கும் போகவில்லை. ஒரு அறையில் கதைப்பது மற்ற அறையில் கேட்கும். நான் சொல்லப்போவது உங்கள் மகனைப் பற்றி, அவரோ பக்கத்து அறையில் இருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகன் றிஸ்மின் வருகிற சனிக்கிழமை என் மகள் ஷஃபீனாவைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து தங்கப் போகிறாராம். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பது நம்முடைய வழக்கம். இருந்த மாப்பிள்ளை பெண்ணையும் கூட்டிக்கொண்டு வெளியே போனால், மாமனார் என்ன செய்தார் என்றுதானே ஊர் கேட்கும்? பள்ளிவாசலில் என் ஸஃப்பில், ஒரே தொழுகை வரிசையில், நிற்கிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஊரை விடுங்கள். ஷஃபீனா இல்லாத வீட்டில் நானும் அஸீஸாவும் யாருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது? ஒரே பிள்ளை. இதற்கெல்லாம் காரணம் உங்கள் மகன் வோல்டேஜைக் குறைத்ததுதான். அதை ஒழுங்காகச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

கலியாணம் முடிந்து வரும்போது அவர் ஒரு கண்ணாடிப் பெட்டிக் கம்ப்யூட்டரும் கொண்டு வந்தார். உள்ளே சிவப்பும் நீலமுமாக லைட் எரியும், தண்ணீர் ஊற்றாத மீன் தொட்டி போல இருக்கும். அதற்குள் கிராஃபிக்ஸ் காட் என்று செங்கல் அளவில் ஒரு சாமான். அதுதான் படம் போடுகிறது என்றார்கள். என்ன படம்? கட்டாத வீட்டின் படம்! அத்திவாரம்கூட வெட்டாத வீட்டுக்குள் கதிரை மேசை போட்டு, ஜன்னலால் வெயில் விழுத்தி, மேசையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் வைத்து விடுவார். அதில் எனக்குக் குறையில்லை. ஹலாலான தொழில், மரியாதையாகச் செய்கிறார், ஐந்து நேரமும் தொழுகிறார். ஆனால் முன் அறை அடுப்படி போலச் சுடத் தொடங்கியது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சாய்கிற கதிரை அந்த அறையில்தான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் மாமாவும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். என் மாமனார் என்னோடு கதைத்தது மொத்தம் மூன்று தரம், அதில் ஒன்று அவருடைய மௌத்துக்கு முதல் நாள். எனவே நான் ஷஃபீனாவைக் கூப்பிட்டு, “அந்தப் பெட்டி ஏன் இப்படிச் சுடுது எண்டு கேளுங்க மகள்” என்றேன். உங்கள் மகன் மூன்று முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அவர் ஷஃபீனாவைப் பார்த்து, “வோல்டேஜக் குறைச்சா சூடு குறையும், இன்டைக்கே குறைக்கிறன் எண்டு மாமாகிட்டச் சொல்லுங்க” என்றார். அவள் என் பக்கம் திரும்பி, “வோல்டேஜக் குறைக்கிறாங்களாம் வாப்பா” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

சம்பந்தி, நான் யார்? கற்பிட்டி வரைக்கும் முப்பத்தொரு வருடம் ஸ்டெபிலைசர் திருத்தியவன். பின்னேரமானால் வெங்காயத் தோட்டத்து மோட்டர்கள் எல்லாம் ஒன்றாக ஓடும். வீடுகளில் லைட் மங்கும், ஃபிரிஜ் முனகும், கலியாண வீட்டில் மைக் செத்துப்போகும். அப்போது ஆட்கள் ஓடி வருவது என்னிடம். குறைந்த வோல்டேஜைக் கூட்டிக் கூட்டியே என் மயிர் நரைத்தது. அப்படிப்பட்டவனுடைய வீட்டில், அவன் கண் முன்னாலேயே, ஒரு மனிதன் மவுஸைப் பிடித்துக்கொண்டு இருக்கிற வோல்டேஜையும் குறைக்கிறார்! ஸ்க்ரூ ட்ரைவர் இல்லை, மீட்டர் இல்லை, திரையில் ஒரு கோட்டை இழுக்கிறார், அவ்வளவுதான். எத்தனைக்குக் குறைத்தார் என்று ஷஃபீனாவை விட்டுக் கேட்டேன். தொள்ளாயிரம் மில்லிவோல்ட்டாம். ஒரு வோல்ட்கூட இல்லை! சுவர் மணிக்கூட்டுப் பட்டரிக்கே ஒன்றரை வோல்ட் இருக்கிறது.

அதோடு விட்டாரா? குறைத்த கையோடு அந்தக் கிராஃபிக்ஸ் காட்டின் வேகத்தையும் கூட்டிவிட்டார். படம் சீக்கிரம் முடிய வேண்டுமாம், அதற்கு ஓவர்க்ளொக் என்று பெயராம். அரை வயிற்றுச் சோறு போட்டு இரட்டை வேலை வாங்குவதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் சொல்வார்கள். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். சூடு குறைந்தது என்னவோ உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பட்டினி கிடக்கிறவனுக்கு உடம்பு சுடாதுதானே?

போன திங்கட்கிழமை, கண்டக்குளிப் பக்கம் காற்றாடிப் பட்டம் பிடித்துக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டப்போகிற ஹோட்டலுக்கு அளவெடுக்க உங்கள் மகன் போனார். அந்த ஹோட்டல் படங்களை இம்மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும், அதுதான் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. கம்ப்யூட்டரைப் படம் போட விட்டுவிட்டுப் போயிருந்தார். ஷஃபீனா கிளினிக்குக்குப் போயிருந்தாள், அஸீஸா குசினியில். நான் கதிரையில் சாய்ந்திருந்தேன். திரையில் அந்தத் தொள்ளாயிரம் என்ற எண் என்னைப் பார்த்தபடி இருந்தது. எத்தனை நேரம்தான் ஒரு தொழில் தெரிந்த மனிதன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்? எழுந்து போனேன். பிஸ்மில்லாஹ் சொல்லி அந்தக் கோட்டைப் பிடித்து, அது போகிற மட்டும் மேலே இழுத்தேன். எண் ஆயிரத்து நூறைத் தாண்டியது. உடனே உள்ளே இருக்கிற ஃபேன் பிளேன் மாதிரிக் கத்தத் தொடங்கியது. என் நித்திரைக்கு அது தோதுப்படாது, அதனால் ஃபேனுக்கான கோட்டைக் கீழே இழுத்துவிட்டேன். வீடு அமைதியானது. உங்கள் மகனுக்கு ஒரு உதவி செய்த நிம்மதியோடு கொஞ்சம் கண்ணயர்ந்து, பிறகு அஸர் தொழப் போனேன்.

திரும்பி வந்தால் வீடெல்லாம் கரிந்த மணம், திரை கறுப்பு. அஸீஸா குசினியில் மூன்று அடுப்பையும் நிறுத்திவிட்டு எது கருகுகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். பார்த்தீர்களா சம்பந்தி? மூன்று மாதம் பட்டினி போட்டு அந்தக் காட்டின் உடம்பை எந்த நிலைமைக்குக் கொண்டு வந்திருக்கிறார்! ஒரே ஒரு பகல் வயிறாரக் கொடுத்ததை அதனால் தாங்க முடியவில்லை. முதல் நாளிலிருந்தே ஒழுங்கான வோல்டேஜ் கொடுத்துப் பழக்கியிருந்தால் இப்படி நடக்குமா? இதைத்தான் நான் அவருக்குச் சொல்ல நினைத்தேன். சொல்ல வழக்கம் இடம் கொடுக்கவில்லை.

அவர் வந்தார். பெட்டியைத் திறந்தார், மூக்கை வைத்து மணந்து பார்த்தார். கரிந்த காட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய சின்னத் திரை ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியின் வேறொரு ஓட்டையில் மாட்டி, ஏதோ எழுத்துகளைக் கனநேரம் வாசித்தார். பிறகு ஷஃபீனாவிடம் சொன்னது என்ன தெரியுமா? “பழைய காட்தானே, உப்புக் காத்துல போயிருக்கும்.” உப்புக் காற்று! எங்கள் ஊர்க் காற்றை அல்லவா குறை சொல்கிறார்! இந்தக் காற்றில்தான் என் ஸ்டெபிலைசர்கள் இருபது வருடம் ஓடின. தான் செய்த பிழைக்கு ஒரு ஊரையே குற்றவாளியாக்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? மூன்று நாளாக அவர் இருக்கும்போது நான் சாப்பிட வரவில்லை. இப்போது தில்லையடியில் தன் தம்பியின் கம்ப்யூட்டரில் படங்களை முடிக்கப் போகிறாராம். தனியாகப் போகலாம்தானே? என் மகளை ஏன் கூட்டிப்போக வேண்டும்?

ஆகவே ஒரு தகப்பன் என்ற முறையில் நீங்கள் அவரைக் கூப்பிட்டு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். ஷஃபீனாவை விட்டுவிட்டு வரட்டும். எத்தாளைக் காற்றைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கட்டும். இனி என் வீட்டில் எந்தச் சாமானின் வோல்டேஜையும் என்னைக் கேட்காமல் குறைக்கக் கூடாது. மனம் நொந்து எழுதியிருக்கிறேன், வார்த்தை தடித்திருந்தால் மன்னித்து மறுமொழி எழுதுங்கள். உங்கள் முழங்காலுக்கும் நம் இரண்டு குடும்பத்துக்கும் அல்லாஹ் சுகத்தையும் ஆஃபியத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
அன்பு மாறாத சம்பந்தி,
அத்தாஉல்லா.

பி.கு: முதலில் இதை வாசியுங்கள், மேலே இருப்பதைப் பிறகு பார்க்கலாம். உங்கள் வீட்டு இலக்கம் எனக்குச் சரியாகத் தெரியாததால் விலாசம் எழுதக் கடிதத்தை ஷஃபீனாவிடம் கொடுத்தேன். கடித உறை ஒட்டியிருக்கவில்லை. அவள் முழுவதையும் வாசித்துவிட்டு, “வாப்பா! ஃபேனையும் நீங்களா குறைச்ச?” என்று கத்தினாள். சுவரைப் பற்றித்தான் ஏற்கெனவே எழுதியிருக்கிறேனே. உங்கள் மகன் எழுந்து வந்தார். என்னை நேராகப் பார்த்து, “மாமா, எனக்கு அன்டைக்கே தெரியும். கோடு இழுத்த நேரம் கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்கு. வீட்டில இருந்தது நீங்களும் மாமியும். மாமி மவுஸத் தொட மாட்டாங்க” என்றார். கரிந்தது பட்டினியால் அல்ல, நான் ஊட்டியதாலும் ஃபேனை நிறுத்தியதாலும் என்று விளக்கினார். மீட்டர் பிடித்த எனக்கு அது விளங்காமல் இல்லை. விளங்கியது, சம்பந்தி. “ஏன் மகன் அன்டைக்கே சொல்லல்ல?” என்றேன். “சொன்னா நீங்க எந்த முகத்தோட என்னோட ஒண்டா சாப்பிட வருவீங்க? அதான் உப்புக் காத்து எண்டன்” என்றார். அதன் பிறகு நாங்கள் இருவரும் பொழுதுபட்டு மஃரிபு தொழுகை வரை கதைத்தோம், ஷஃபீனா இடையில் இல்லை. நான் கடிதத்தைக் கிழிக்கப் போனேன், “வேணாம் மாமா, வாப்பா இத வாசிக்கணும்” என்று பிடுங்கிக்கொண்டார். சனிக்கிழமை வருகிறார்கள். தம்பியின் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் அனுபவமுள்ள பெரியவர்கள் யாரையும் விட வேண்டாம். ஹோட்டல் படம் முடிந்த அன்றைக்கே மருமகனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மகள் வேண்டுமானால் இன்னும் இரண்டு நாள் அங்கேயே இருக்கட்டும்.