கல்லைப் பிடித்தபடி ஒரு பெண் பார்க்கும் படலம்

சிலருக்கு வாய் சும்மா இருக்காது. சிலருக்குக் கால். எனக்குக் கை. நேராகத் தொங்கிய காலண்டரை இன்னும் நேராக்கப் போய் ஆணியோடு சுவர்ச் சாந்தைப் பெயர்த்தவன் நான். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நன்றாக ஓட வைக்கிறேன் என்று கழற்றி, ஒரு கோடை முழுக்க அம்மாவைப் புழுக்கத்தில் உட்கார வைத்தவன். இப்படிப்பட்டவன் வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்கவே கூடாது. நான் வைத்தேன்.

காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டடி நீளத் தொட்டி. உப்புத் தண்ணீர், வெள்ளை மணல், ஓட்டை ஓட்டையான பாறைக் கற்கள், கற்களின் மேல் ஒட்டி வளரும் உயிர்ப் பவளங்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி. கூடவே, மணலைத் தோண்டிக்கொண்டே இருக்கும் விரல் நீள மீன் ஒன்று. (அதுவும் என் ஜாதிதான். ஒரு நிமிடம் சும்மா இருக்காது.)

மீன் வாங்குவது சுலபம். கல் அடுக்குவதில்தான் உயிர் போகும். வெளிச்சம் கேட்கும் பவளத்துக்கு மேல்தளம், கேட்காததற்கு நிழல், மீன் ஒளிந்துகொள்ள ஒரு குகை, தண்ணீர் சுற்றிவர இடைவெளி எல்லாம் வேண்டும். ஆனால் யாரோ உட்கார்ந்து அடுக்கியது போலத் தெரியக் கூடாது. நான் வாராவாரம் அடுக்கினேன். ஒரு வாரம் மலை, மறுவாரம் இரட்டை மலை, அப்புறம் பள்ளத்தாக்கு. வாடகை வீட்டுக்காரர்கள் மாதிரி அந்தக் கோமாளி மீன்கள் ஜாகை மாற்றிக்கொண்டே இருந்தன. கடைசியாக ஒரு வளைவு கட்டினேன். இரண்டு பக்கமும் தூண்கள் போலக் கற்கள், மேலே பலகை மாதிரி ஒரு பெரிய கல், அதன் மேல் விரல் விரலாக ஆடும் பச்சைப் பவளம். தூண்களை அடிக் கண்ணாடியில் நிறுத்திவிட்டு அப்புறம்தான் மணலைக் கொட்ட வேண்டும், கற்களை ஒன்றோடொன்று ஒட்டவும் வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒட்டிவிட்டால் அடுத்த வாரம் எப்படி மாற்றுவது? அதனால் மணல் மேலேயே நிறுத்தினேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை ஜெசிந்தாவைப் பெண் பார்க்க ஆவடியிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை பெயர் பிரின்ஸ். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் அப்பா இல்லை. வருகிறவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியவன் நான். அதற்கு முன் வந்துபோன இடங்கள் எதுவும் அமையாமல் அம்மா நொந்து போயிருந்தாள். இந்த இடம் கைநழுவக் கூடாது என்று எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னாள்.

“இதப் பாருங்க, அவங்க ஊர்ப் பேச்சு வேற. அவங்க எதிர்ல கீது, கீறேன்னு பேசிகினு கெடக்கக் கூடாது, இன்னா?”

சரி என்றோம். என்னைத் தனியாகப் பார்த்து, தொட்டியில் கை வைக்கக் கூடாது என்றும் சொன்னாள். அதற்கும் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து வீட்டைத் துடைத்தோம். சோபாவுக்குப் புது உறை. அடுக்களையில் அம்மா பஜ்ஜி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஜெசிந்தா பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் வேலை இல்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலில் எட்டிப் பார்த்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அப்போது கண்ணில் பட்டது, வளைவின் இடது தூண் கொஞ்சம் சாய்ந்திருப்பது. வருகிறவர்கள் முதலில் பார்க்கப்போவது தொட்டியைத்தானே? அடியில் ஒரு சின்னக் கல்லை முட்டுக் கொடுத்தால் போதும். கையைக் கூட நனைக்க வேண்டாம், விரலை நனைத்தால் போதும்.

விரலை வைத்தேன். தோண்டும் மீன் தூணுக்கு அடியில் ஏற்கெனவே சுரங்கம் வெட்டி வைத்திருந்தது. தூண் அப்படியே மணலுக்குள் இறங்க, பெரிய கல் சரிந்து முன்பக்கக் கண்ணாடியை நோக்கி வந்தது. முழங்கைக்கு மேல் வரை கையை விட்டு அதைப் பிடித்தேன். பிடித்தேனே தவிர, தூக்க முடியவில்லை. இறக்கவும் முடியவில்லை. இறக்கினால் பவளமும், அடியில் பதுங்கிய மீனும் நசுங்கும். விட்டால் கண்ணாடி உடைந்து தொட்டித் தண்ணீர் முழுக்கச் சோபாவின் புது உறையில்.

அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அழைப்பு மணி அடித்தது.

அடுக்களையிலிருந்து ஓடிவந்த அம்மா என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மீனுக்குத் தீனி போடுகிற மாதிரி அப்படியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.

மாப்பிள்ளையின் அம்மா பழத் தாம்பாளத்தோடு வந்தார். பின்னால் அப்பா, கடைசியில் பிரின்ஸ். நான் ஒற்றைக் கையால் வணக்கம் சொன்னேன். மீனுக்குத் தீனி போடுகிற நேரம் என்று அம்மா விளக்கினாள். அவர்களும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். பயணம் எப்படி இருந்தது, பாரிவாக்கம் பக்கம் மனை எல்லாம் எப்படிப் போகிறது என்று பேச்சு ஓடியது. நான் நின்றேன். கை மரத்துக்கொண்டே வந்தது. இதற்கிடையில் கோமாளி ஜோடியில் பெண் மீன், தன் வீட்டுக்குள் புகுந்த திருடன் என்று என் கையை முடிவு செய்து கடிக்கத் தொடங்கியது. வலி பெரிதில்லை. ஆனால் எப்போது கடிக்கும் என்று தெரியாது. கடிக்கும்போதெல்லாம் என் முகம் என்னைக் கேட்காமல் கோணியது. மாப்பிள்ளையின் அம்மா பதினைந்து நிமிடமாக என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பினார். “என்ன தம்பி, இம்புட்டு நேரமா தீனி போடுதிய, மீனு வெடிச்சிராதா?”

சிரித்து வைத்தேன். அவர் அதோடு விடவில்லை. அண்ணன்காரனிடம் கேட்டால்தான் உண்மை தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தணித்து, “தங்கச்சிக்குக் கோவம் கீவம் நிறைய வருமோ?” என்றார்.

சரியாக அந்த நொடியில் மீன் கடித்தது.

“ஆ!” என்றேன்.

அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். தன் மனைவியை அவர் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போதுதான் ஜெசிந்தா காபித் தட்டோடு வந்தாள். தலை குனிந்து வர வேண்டியவள், என் கை இருந்த இடத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். நர்ஸ் அவள். பார்த்த உடனே நிலைமை புரிந்துவிடும். தட்டை டீப்பாயில் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

“அண்ணன் தீனி ஒண்ணும் போடல. கல்லு சரிஞ்சிகினு கீது. கைய எட்த்தா கண்ணாடி பூடும். யாராவது ஒருத்தர் இந்தாண்ட வந்து புடிங்க.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

எழுந்தவர் பிரின்ஸ். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு (கடிகாரத்தைக் கழற்ற மறந்து) தொட்டிக்குள் கையை விட்டார். மறுபக்கம் ஜெசிந்தா வளையல்களோடு கையை விட்டாள். நான் பிடித்திருக்க, அவர்கள் இருவரும் கல்லைத் தூக்கினார்கள். கோமாளி மீனுக்கு இப்போது திருடர்கள் மூன்று பேர். புதியவரைத் தேர்ந்தெடுத்தது.

“ஐயோ, இன்னாங்க இது, இந்தக் கடி கடிக்குது?” என்றார் பிரின்ஸ்.

ஜெசிந்தா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் தன் அம்மாவைத் திருட்டு முழி முழித்துப் பார்த்தார். அந்த வீட்டிலும் கிளம்பும்போது ‘ஆவடிப் பேச்சு வேண்டாம்’ என்று சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவருக்குத் திருநெல்வேலி எங்கிருந்து வரும்? ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். எனக்குப் பயம், இரண்டு பேரும் சேர்ந்து கல்லைப் போட்டுவிடுவார்களோ என்று.

வெளியே எடுத்த கல்லை எங்கே வைப்பது? பவளம் வழவழவென்று ஒழுகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று தாம்பாளத்துப் பழங்களைச் சோபாவில் கொட்டிவிட்டுத் தட்டை நீட்டினார். ஆப்பிளும் ஆரஞ்சும் நாலா பக்கமும் உருண்டன. ஹால் முழுக்கக் கடற்கரை வாசம். பட்டுப்புடவை ஒரு பக்கம் நனைந்து தொங்க, பிரின்ஸின் கடிகாரம் நின்றுபோக, பஜ்ஜியை யாரும் தொடவில்லை. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. பவளம் ஒரு பக்கெட்டில் கிடந்து பிழைத்துக்கொண்டது. தோண்டும் மீன் எதுவும் நடக்காதது போலத் தோண்டியது. நான்தான் போனையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, அம்பத்தூரில் வேலையிலும் மனம் ஒட்டாமல் அலைந்தேன்.

ஒரு மாலை பிரின்ஸ் தனியாக வந்தார். அவருடைய அம்மாவின் தாம்பாளம் இங்கேயே தங்கிவிட்டதாம், வாங்கிப் போக வந்தாராம். காபி குடித்தார். தொட்டியைப் பார்த்தார். ஜெசிந்தாவோடு வெகுநேரம் பேசினார். புறப்பட்டுப் போனார். அவர் தெருமுனையைத் தாண்டிய பிறகு அம்மா டீப்பாயைப் பார்த்தாள். தாம்பாளம் அங்கேயே இருந்தது. அம்மா என்னோடு பேச ஆரம்பித்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு தொட்டியும் ஆவடிக்குப் போனது. என்னை நம்பி மீன்களை விட்டுப் போக முடியாது என்று ஜெசிந்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அங்கே பிரின்ஸ் கற்களை அடிக் கண்ணாடியில் நிறுத்தி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே ஒருமுறை அடுக்கினார். நல்ல அடுக்குதான். என்ன, வலப்பக்கக் கல்லை மட்டும் கொஞ்சம் திருப்பி வைத்தால் குகை இன்னும் எடுப்பாக இருக்கும்.

இதைப் பக்கத்தில் போய்ச் சொல்ல இன்றுவரை எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் ஏற்படுத்தி வைத்திருக்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றும்போதே சம்பந்தியம்மா ஒரு கையில் காபி டம்ளரைக் கொடுத்துவிடுவார். மறு கையில் முறுக்குத் தட்டு. இரண்டு கையும் நிறைந்த பிறகுதான் தொட்டி விளக்கைப் போடுவார்கள். டம்ளர் காலியாகிறதா என்று ஹாலில் இருக்கும் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். காலியாவதற்குள் அடுத்த காபி வந்துவிடும்.